சீட்டியில் பூத்த மலர்கள்

துணியில் தீட்டிய பூவை வெறும் அழகென்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும், சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய பழைய சீட்டித் துணிகளை ஊன்றி நோக்குவோர், அப்பூக்களில் ஒரு வரலாறே பதிந்திருப்பதை உணர்வர்.

பெயர்களிலிருந்தே தொடங்குவோம். ‘கலம்காரி’ என்பதில் ‘கலம்’ அரபியிலும் பாரசீகத்திலும் எழுதுகோலைக் குறிக்கும். ‘காரி’ என்பது வேலைப்பாடு. ஐரோப்பியர் ‘பலம்போர்’ என்றழைத்த பெருவிரிப்பின் பெயரோ, கட்டில் விரிப்பு எனப் பொருள்படும் ‘பலங்கபோஷ்’ என்பதன் திரிபேயாகும். 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாவின் குதுப்ஷாஹி மன்னர் ஆட்சியில் மசூலிப்பட்டினம் இக்கலைக்குப் பெருந்துறையாக விளங்கியது. பாரசீக வணிகர் விரும்பிய பூங்கொடிகள் நம் கரை ஓவியரின் கோலுக்குப் பழக்கமாயின.

அவ்விரிப்புகள் பலவற்றின் நடுவே, குன்றொன்றின்மீது வளைந்தெழும் ஒரு மரத்தைக் காண்கிறோம். ஒரே மரத்தில் பலவகை மலர்கள்! அத்தகைய மரம் எந்தத் தோட்டத்திலும் இல்லை. குன்றில் சீனச் சாயல். கொடியில் பாரசீகச் சாயல். சில இலைகளில் ஆங்கிலப் பூந்தையலின் சாயல். செந்நிறத் தளத்தைக் குறைத்து வெண்ணிறத் தளத்தை மிகுதியாக்குமாறு லண்டன் கும்பினியார் 1643இல் எழுதியனுப்பினர். இம்மரத்தை ‘வாழ்வு மரம்’ என்பார் உளர். பல நாடுகளின் விருப்பங்கள் ஒட்டுச்செடிபோல் ஒன்றிய மரம் என்பதே நம் கருத்து.

ஒட்டியவர் யார்? நம் கைவினைஞரே. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியைத் தோய்த்து உலர்த்துவர். சிவக்கவேண்டிய இடத்தில் மட்டும் படிகாரக் கரைசலைத் தீட்டிச் சாயவேர் நீரில் வேகவைப்பர். படிகாரம் பட்ட இடமே செம்மையைப் பற்றும். நீலத்திற்கோ, மற்ற இடங்களை மெழுகால் மூடி அவுரிச் சாயத்தில் அமிழ்த்துவர். நீலத்தின்மேல் மஞ்சளைத் தீட்ட, இலை பசுமையாகும்.

துவைத்தாலும் மங்காத இவ்வண்ணம் ஐரோப்பாவை மயக்கிற்று. அங்குள்ள நெசவாளர் அஞ்சினர். பிரான்சு 1686 முதல் 1759 வரை இத்துணியைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1700இல் இறக்குமதியையும், 1721இல் உடுத்துவதையுமே தடுத்துச் சட்டமியற்றியது. தடைக்காலத்திலேயே தொழில் நுட்பத்தை அறியும் முயற்சியும் நடந்தது. 1730களில் போலியூ என்னும் பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி, புதுச்சேரியில் ஒவ்வொரு படிநிலையையும் எழுதித் துணித்துண்டுகளையும் இணைத்தார். 1742இல் பாதிரியார் கேர்தூ, தம் சமயத்தைத் தழுவிய சாயத்தொழிலாளரிடம் கேட்டறிந்ததைக் கடிதமாக வரைந்தார். தடை நீங்கிய மறு ஆண்டே, 1760இல், பிரான்சின் ழூயி நகரில் அச்சுத்துணி ஆலை எழுந்தது. பின்னர் இயந்திர அச்சு வந்து, நம் கோலின் சந்தையைக் கவர்ந்துகொண்டது.

எழுதியெடுத்தவரின் பெயர்கள் நூல்களில் நிலைத்துள்ளன. சொல்லிக்கொடுத்த தொழிலாளரின் பெயர்களை நாம் எங்கும் காணோம். பூவைப் பாரசீகத்தது என்றும் ஐரோப்பாவினது என்றும் உரிமை பேசுவோர், தீட்டிய கையை மறந்துவிடுகின்றனர். கொடுக்கல் வாங்கலில் இழிவில்லை; வாங்கியதை மறைப்பதே இழிவு.

அருங்காட்சியகங்களில் உள்ள பழைய விரிப்புகளில் இலைகள் பல இன்று நீலமாய்த் தோன்றுகின்றன. மேற்பூச்சான மஞ்சள் வெளிறிவிட்டது. சாயவேரின் செம்மையோ வெளிறவில்லை. அச்செம்மையைத் தந்த கைகளை நினைவுகூர்வது நம் கடனன்றோ!