கச்சான் காலமும் கொடியேற்றமும்: கண்டக்குழிக் கரையில் பங்கு என்னும் அமைப்பு

கற்பிட்டித் தீபகற்பத்தின் கத்தோலிக்கப் பங்குகளைப் பற்றி எழுதுவோர் கோயில் கட்டிய ஆண்டு, பணியாற்றிய குருக்களின் பெயர்வரிசை, புதுமைகள் ஆகியவற்றோடு நின்றுவிடுவது வழக்கம். கண்டக்குழி போன்ற மீனவக் கரைக்கு அந்த அளவுகோல் போதாது. குரு இல்லாத காலத்தில் பொதுநிலையினர் நடத்திய நிர்வாகமே இக்கரையில் பங்குக்கு அடித்தளம். கட்டடமும் பதிவேடும் அதன்மேல் எழுந்தவை என்பது என் கருத்து.

இதற்குப் புவியியலே முதற் சான்று. போர்த்துக்கேயர் காலத்தில் கற்பிட்டியில் இயேசு சபையினர் பணியாற்றினர். 1658இல் ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்பதைத் தடைசெய்தனர். 1667க்கும் 1676க்கும் இடையில் கற்பிட்டிக் கோட்டையையும் எழுப்பினர். ஆனால் களப்பின் எதிர்க்கரையில் புத்தளம் கண்டி அரசனின் ஆட்சிக்குள் இருந்தது. 1687இல் யாழ்ப்பாணம் வந்த கத்தோலிக்கக் குரு யோசேவ் வாஸ் அடிகள் 1690இல் புத்தளத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் அதுவே. தடையுள்ள கரைக்கும் தடையற்ற கரைக்கும் இடையே ஒரு தோணிப் பயணம்தான்.

ஆனாலும் ஆரம்ப ஆண்டுகளில் அவர் தனியாள். பின்னர் கோவாவிலிருந்து ஒரத்தோரியன் சபைக் குருக்கள் வந்தபோதும் தொகை சிறிதே. இடைப்பட்ட மாதங்களில் செபம் சொல்லிக்கொடுப்பதும், சாவுக்குப் போய் நிற்பதும், ஆபத்தில் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் மூப்பர், அண்ணாவிமார் ஆகிய பொதுநிலைப் பொறுப்பாளர்கள் கையில் இருந்தன. 1806இல் ஆங்கிலேயர் தடையை நீக்கியபோது இக்கரைகளில் சபை புதிதாகப் பிறக்கவில்லை, வெளியே வந்தது.

அடுத்தது கடல். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கையில் மேற்குக் கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையேறும், பலர் கிழக்குக் கரையில் வாடி (மீன்பிடிக் கொட்டில்) போடப் போவார்கள். ஆண்டில் பாதி ஊரில் இல்லாத மக்களை ஒரு பங்காக வைத்திருப்பது எப்படி? தெற்கே சற்றுத் தொலைவிலுள்ள தலவில புனித அன்னம்மாள் திருத்தலம் இதற்கு விடை தருகிறது. அதன் இரு பெருவிழாக்களில் ஒன்று மார்ச்சில், மற்றது ஓகஸ்டில், அதாவது கச்சானின் நடுவில். கொடியேறியதும் குடும்பங்கள் சட்டி பானையோடு வந்து கிடுகுக் குடில் போட்டுத் தங்குகின்றன. பாயில் இருந்தபடியே கடன் கணக்குப் பார்ப்பார்கள், கலியாணமும் பேசுவார்கள். இதை வெறும் பக்தி என்று எழுதுவது பாதி உண்மை. மேற்குக் கரையில் பிடிமீனில் ஒரு பங்கைக் கோயிலுக்கு ஒதுக்கி, அதைத் திரட்டும் உரிமையைக் குத்தகைக்கு விட்ட பழைய வழக்கத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அது சண்டைகளுக்கும் காரணமாயிற்று.

மொழி விடயம் இதைவிடச் சிக்கலானது. 1742இல் மறைந்த ஒரத்தோரியன் குரு யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். அவர் காலச் சபைக்கு இரண்டும் வேண்டியிருந்தன. பூசை இலத்தீனில் இருந்தவரை எந்த மொழிக்கு முதலிடம் என்ற கேள்வி பலிபீடம் வரை வரவில்லை. பின்னர் நிலைமை மாறியது. 1960, 1961 சட்டங்களால் மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசிடம் போயின. அதே பத்தாண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பூசையை மக்கள் மொழிக்கு மாற்றியது. நீர்கொழும்பு, சிலாபம் கரைகளில் தமிழ் பேசிய குடும்பங்கள் பல சிங்களத்துக்கு மாறிவந்த காலமும் இதுவே. தாய்மொழி வழிபாடு சபையை மக்களிடம் நெருக்கியது என்பார்கள்; இருமொழிக் கரையில் அது நேர அட்டவணையில் ஒரு போட்டியையும் உண்டாக்கியது. விழாவுக்கு முந்திய நாள் வேஸ்பர் என்னும் மாலை வழிபாடு எந்த மொழியில், திருவிழாப் பூசை எந்த மொழியில் என்பதெல்லாம் பேசித் தீர்க்கவேண்டிய காரியங்களாயின.