தோட்டத்து மணியும் வாசல் மணியும்

சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன் வட்டாரத் தாமான் வீடுகளில் பழைய ‘டிங்-டாங்’ பெட்டியோடு கேமரா வைத்த அழைப்பு மணியைப் பொருத்தும் வேலை இப்போது பரவலாகிவிட்டது. பொருத்திய பிறகு பெட்டி ஓயாமல் ரீங்காரமிடும். அல்லது யாரும் அழுத்தாமலே நள்ளிரவில் ஒலிக்கும். அல்லது கேமரா அணைந்து அணைந்து எரியும். பழைய பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, கைத்தொலைபேசியில் மட்டும் மணி ஒலிக்கும்படி செய்துகொள்ளுங்கள் என்பதுதான் இதற்கு எளிதாகக் கிடைக்கும் யோசனை. அந்தப் பெட்டியைக் கழற்றக் கூடாது என்பது என் கட்சி. அதற்கான காரணத்தில் பாதி மின்சாரத்தில் இருக்கிறது; மறுபாதி மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றில் இருக்கிறது. நெகிரி செம்பிலான் தமிழர்களுக்கு மணியோசை புதிதல்ல. மூன்று தலைமுறைகள் மணிக்கு எழுந்து மணிக்கு நடந்தவர்கள் அவர்கள். ஆனால் அந்த மணி அவர்கள் வீட்டுக்குள் இல்லை, அதை அடிக்கும் உரிமையும் அவர்களிடம் இல்லை. வீட்டுக்குள் இருப்பவருக்காக ஒலிக்கும் மணி அவர்களுக்கு மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

சிரம்பானை உள்ளடக்கிய சுங்கை ஊஜோங் பகுதியில் 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் காப்பி பயிரிட்டார்கள். 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி விழுந்து ரப்பர் எழுந்தபோது லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் என மாநிலம் நெடுகத் தோட்டங்கள் விரிந்தன. தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டி வந்தார்கள். வந்தவர்களுக்கு வரிசை வரிசையாக லயம் என்ற குடியிருப்பு, லயத்துக்கு எட்டும் தொலைவில் காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களம், களத்தருகே மணி. சில தோட்டங்களில் அது வார்ப்பு மணி. சில இடங்களில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டே மணி. விடியுமுன் அது அடித்தால் எழ வேண்டும். அடுத்து அடிப்பதற்குள் வாளியும் கத்தியுமாகக் களத்தில் நிற்க வேண்டும். எழுத்தரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் வாசிப்பார். பெயருக்கு ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்கு நாள் கணக்கில் தலைக்காசு கிடைத்ததால், வராதவர் வீட்டுக் கதவைத் தட்டுவதில் அவருக்கே ஆதாயம் இருந்தது. ஆக, லயத்து வீட்டுக் கதவில் விழுந்த முதல் தட்டு விருந்தாளியுடையது அல்ல, வேலை வாங்க வந்தவருடையது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. விடியற்காலை மணியைத் துரையின் கெடுபிடி என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? பால்மரத்தின் இயல்பே அப்படித்தானே? இரவு முழுவதும் இலைகள் நீரை இழக்காமல் இருப்பதால் பால் குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறினால் அழுத்தம் குறையும், வெட்டுவாயில் பால் சீக்கிரம் உறையும். அதனால் இருட்டில் சீவினால்தான் பால் பிடிக்கும் மங்கு நிறையும். இது முழுக்க உண்மை. ஆனால் அதே மாநிலத்தில், கோலப்பிலாவிலும் ரெம்பாவிலும் மலாய்ச் சிறு தோட்டக்காரர்கள் அதே மரத்தை அதே இருட்டில் சீவினார்கள். அவர்களை யாரும் மணி அடித்து எழுப்பவில்லை, பெயர் வாசிக்கவுமில்லை. மழை வந்தால் வீட்டில் இருந்தார்கள். ரப்பர் விலை விழுந்தால் கத்தியை வைத்துவிட்டு வயலைப் பார்த்தார்கள். எந்த நேரத்தில் சீவுவது என்பதை மரம் தீர்மானித்தது. யார் யாரை எழுப்புவது, பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்புவது யார் என்பவற்றை மரம் தீர்மானிக்கவில்லை. பெரட்டு மணியை நியாயப்படுத்தத் தாவரவியலைத் துணைக்கு அழைப்பவர்கள் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

மணி ஒரு திசையில் மட்டும் ஒலித்தது என்பதற்கு இன்னும் அழுத்தமான சான்று, எதிர்த்திசையில் யார் வரலாம் என்ற கேள்வியில் இருக்கிறது. தோட்டத்து நிலம், பாதை, வீடு எல்லாமே கம்பெனியின் சொத்து. ஊரிலிருந்து வரும் கடிதம்கூட லயத்து வாசலுக்கு வராது. தோட்ட அலுவலகத்துக்கு வந்து, கிராணி கை வழியாகத்தான் போகும். சொந்தக்காரர் வந்து தங்குவதும் நிர்வாகத்தின் விருப்பம்தான். 1941இல் பக்கத்துச் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்று நடத்திய தொழிலாளர் கிளர்ச்சியின் கோரிக்கைகளைப் பார்த்தால் இது விளங்கும். கூலி உயர்வு, மருத்துவம், பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற இழிவுக்கு முடிவு ஆகியவற்றோடு, உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து போக வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. நாதன் கைது செய்யப்பட்டார், படை இறக்கப்பட்டது, உயிர்கள் போயின. அத்தை, மாமா வீட்டுக்கு வருவதை ஒரு வேலைநிறுத்தக் கோரிக்கையாக வைக்க வேண்டியிருந்தது என்பதைவிடத் தெளிவான ஆதாரம் எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டுக் கிராமத்திலும் வாசல் மணி கிடையாதே, இதைத் தோட்டத்தின் குறை என்பானேன் என்று கேட்கலாம். கிராமத்தில் மணி இல்லை; ஆனால் திண்ணை இருந்தது, வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவருக்கு வீட்டுக்காரர் பதில் சொன்னார். சாதி போட்ட வேலிகள் அங்கே கடுமையாகவே இருந்தன, அதை மறைக்கக் கூடாது. என்றாலும் விருந்தாளிக்கு அனுமதி தரும் அலுவலகம் என்று ஒன்று அங்கே இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை தளர்ந்திருக்க வேண்டும். ஆனால் 1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் வந்தது. பிரிக்ஸ் திட்டம் என்ற மறுகுடியமர்வு ஏற்பாட்டின்படி, சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றுகூட்டி முள்வேலிக்குள் அடைத்தார்கள். வாயிலில் காவல், இரவில் ஊரடங்கு, வெளியே போகும்போது உணவுப் பொருள் சோதனை. வீட்டு வாசலுக்கு முன்னால் இன்னொரு வாசல் முளைத்தது, அதன் சாவி அரசாங்கத்திடம் இருந்தது. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்க வேலையைத் தொடங்கிய பி. பி. நாராயணன் போன்றவர்கள் பல சங்கங்களை ஒன்றாக்கி 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கியது இந்தச் சூழலில்தான். சங்கம் கூலியைப் பேசி உயர்த்த முடிந்தது. வீட்டை வேலையிலிருந்து பிரிக்க முடியவில்லை. வேலை போனால் வீடும் போகும். 1950களில் சில வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்று வெளியேறியபோது, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதைத் தடுக்கத்தான் ம.இ.கா. தலைவரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களை வாங்க வழி செய்தார்.

அதற்காக, லயம் ஒரு சிறை மட்டுமே என்று எழுதினால் அது அங்கே வாழ்ந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். கதவுகள் பகலில் சாத்தப்படவில்லை. பக்கத்து வீட்டு அக்கா குழம்புக் கிண்ணத்தோடு உள்ளே வருவதற்கு மணி தேவைப்படவில்லை. ஆயாக்கொட்டகையில் ஒன்றாக வளர்ந்த பிள்ளைகள் எந்த வீட்டிலும் சாப்பிட்டார்கள். மணி வைக்க நினைத்திருந்தாலும் மின்சாரம் இல்லை. பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம் ஓடும் ஜெனரேட்டர் விளக்குதான். தோட்டத் தொழிலாளர் வீட்டுக்குக் குழாய் நீரும் மின்சாரமும் தருவது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும்போது, நெகிரி செம்பிலானின் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறியிருந்தன. சில தோட்டங்கள் வீடமைப்புக்கு விலைபோகத் தொடங்கியிருந்தன.

செண்டாயானிலும் சிரம்பானைச் சுற்றியும் நீலாய்ப் பக்கமும் பால்மரமும் செம்பனையும் நின்ற மண்ணில் இன்று தாமான்கள் நிற்கின்றன. தோட்டத்து மக்களில் பலர் மலிவு விலைத் தொடர்வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தார்கள். தவணை கட்டியாவது தம் பெயரில் எழுதிக்கொண்ட முதல் வீடு அது. இரும்பு கேட், கேட்டுத் தூணில் ஒரு பொத்தான், கூடத்துச் சுவரில் ஒரு பெட்டி. பொத்தானை அழுத்தினால் பெட்டிக்குள் இருக்கும் கம்பிச்சுருள் காந்தமாகி ஓர் இரும்புத் தண்டை இழுக்கும். தண்டு ஓர் உலோகத் தகட்டில் மோதி ‘டிங்’ என்னும். விரலை எடுத்தால் வில் தண்டைத் திருப்பித் தள்ள, மறு தகட்டில் ‘டாங்’. 1831இல் அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி நீண்ட கம்பியின் கோடியில் மின்காந்தத்தால் ஒரு மணியை ஒலிக்கவைத்த அதே தத்துவம்தான். பிரிட்டனின் பெரிய மாளிகைகளில் இத்தகைய மணிகள் எஜமானரின் அறையிலிருந்து வேலையாளின் அறைக்குப் போயின. தாமான் வீட்டில் வெளியே நிற்பவர் அழுத்துகிறார், உள்ளே இருப்பவர் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். கிள்ளானில் கேட்டு மறுக்கப்பட்ட உரிமை, விலை மலிந்த இந்தப் பெட்டியில் வந்து உட்கார்ந்தது.

அதைக் கேமராவோடு இணைக்கும்போது வரும் தொல்லைக்குக் காரணம், இரண்டும் மின்சாரத்தை வேறு வேறு விதமாகக் கேட்பதுதான். பெட்டிக்கு, அழுத்தும் நொடியில் மட்டும் மின்னோட்டம் போதும். கேமராவுக்கு இரவும் பகலும் வேண்டும். ஒரே கம்பியில் இரண்டும் இருப்பதால், கேமரா இழுக்கும் சிறு மின்னோட்டம் பெட்டியின் சுருள் வழியாகவே ஓடி, தண்டை அரைகுறையாக அசைக்கிறது. ரீங்காரமும் பேய் மணியும் அதனால்தான். பெட்டியின் இரு முனைகளுக்கும் குறுக்கே, கேமராவோடு வரும் சிறு மின்பகுதியைப் பொருத்தினால் அந்த ஓட்டம் சுருளைத் தொடாமல் விலகிப் போகும். கேமரா அணைந்து எரிந்தால் மின்மாற்றி சிறியது, அல்லது தூணிலிருந்து வரும் கம்பி மழையில் அரித்திருக்கிறது என்று கொள்ளலாம். இருட்டில் கேமரா அகச்சிவப்பு விளக்கை ஏற்றும்போது தேவை கூடுவதால் இந்தக் கோளாறு இரவில்தான் தலைகாட்டும். மலேசியாவில் கூடுதலாக ஓர் ஆபத்தும் இருக்கிறது. இங்கே பல வீட்டு மணிகள் 240 வோல்ட்டில் நேரடியாக ஓடுபவை; வெளிநாட்டுக் கேமரா மணிகளில் பல 16 முதல் 24 வோல்ட் வரைதான் தாங்கும். பழைய கம்பியில் அப்படியே மாட்டினால் கருவி கருகும், ஆளுக்கும் ஆபத்து. உரிமம் பெற்ற மின் தொழிலாளரைக் கொண்டு மின்மாற்றி வைத்து, அந்தக் குறைந்த வோல்ட்டுக்கு ஏற்ற பெட்டியாகவும் மாற்ற வேண்டும். செலவு கூடும்தான். ஆனாலும் செய்யத் தக்கது.

ஏன் செய்ய வேண்டும்? தொலைபேசியில் பார்ப்பது பாதுகாப்பானது, திருட்டைத் தடுக்கும், வேலையிடத்திலிருந்தே பதில் சொல்லலாம் என்பவர்கள் சொல்வது சரியே. தனியாக இருக்கும் பெண்ணுக்குக் கதவைத் திறக்காமலே வந்தவர் முகத்தைக் காண முடிவது பெரிய வசதி. அதைப் பழமையின் பெயரால் மறுக்க மாட்டேன். ஆனால் மணி தொலைபேசியில் மட்டும் ஒலித்தால், நீலாய்த் தொழிற்சாலையில் இருக்கும் மகனுக்குக் கேட்கும். வீட்டில் இருக்கும் பாட்டிக்குக் கேட்காது. வாசலில் நிற்பவரிடம் மகன்தான் பேசுவார். பாட்டி தன் வீட்டு வாசலில் நடப்பது தெரியாமல் உள்ளே இருப்பார். வருகிறவரை உள்ளே இருப்பவரிடமிருந்து பிரித்து, முடிவை வேறோர் இடத்துக்கு மாற்றும் ஏற்பாட்டைத் தோட்டத்து மக்கள் ஏற்கெனவே பார்த்தவர்கள். கூடவே, யார் எப்போது வந்தார், போனார் என்ற பதிவு பல கருவிகளில் கம்பெனியின் கணினியில் சேர்கிறது. இதைச் செக்ரோலுக்குச் சமம் என்று சொன்னால் மிகைதான், ஏனென்றால் இங்கே கேமராவை வாங்குபவரும் அணைக்கக் கூடியவரும் வீட்டுக்காரரே. வீட்டிலேயே நினைவட்டையில் பதியும் கருவிகளும் கிடைக்கின்றன, அவற்றைக் கேட்டு வாங்கலாம். கம்பியில்லாமல் செருகியில் மாட்டும் துணை மணி போதாதா என்றால், இணையம் அறுந்தாலும் அது ஒலிக்குமா என்று முதலில் சோதிக்க வேண்டும். ஒலிக்குமானால், தூணுக்கும் கூடத்துக்கும் இடையே கம்பி அரித்துப்போன வீடுகளில் அதுவே சரியான வழி. கம்பி நன்றாக இருக்கும் வீட்டில் பழைய பெட்டி இருக்கட்டும்.