பத்தொன்பது கடிதங்கள்

பெங்களூரில் ஆளுநரின் ராஜ்பவனும் சட்டமன்றம் கூடும் விதான சௌதாவும் கூப்பிடு தூரம்தான். 1989 ஏப்ரலில் அந்தத் தூரம் நீண்டுவிட்டது.

முதல்வர் எஸ்.ஆர். பொம்மைக்கு ஆதரவில்லை என்று 19 எம்.எல்.ஏ.க்களின் கடிதங்கள் ஆளுநர் வெங்கடசுப்பையாவிடம் வந்தன. சில நாட்களிலேயே அவர்களில் ஏழு பேர் பின்வாங்கினர். சட்டமன்றத்திலேயே பலத்தை நிரூபிக்கிறேன் என்றார் பொம்மை. ஆளுநர் மசியவில்லை, தலையை எண்ண அவை எதற்கு, அஞ்சல் பை போதாதா! ஏப்ரல் 21-இல் ஆட்சி கலைந்தது.

கர்நாடக உயர் நீதிமன்றம் கைவிரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1994 மார்ச் 11-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது: பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் அவைதான், குடியரசுத் தலைவர் ஆட்சிக்கான 356-ஆவது பிரிவின் பிரகடனத்தையும் நீதிமன்றம் ஆராயலாம்.

பொம்மைக்குப் பதவி திரும்பவில்லை.

2018 மே மாதம், அதே விதான சௌதா. பெரும்பான்மையை நிரூபிக்க முதல்வர் எடியூரப்பாவுக்கு ஆளுநர் தந்த 15 நாள் அவகாசத்தை உச்ச நீதிமன்றம் சுருக்கியது. மே 19-இல் வாக்கெடுப்புக்கு முன்பே அவர் ராஜினாமா செய்தார்.