கடைமுதலா, சாலைமுதலா? நெடுஞ்சாலை மதுக்கடை ஆணையும் ஜி.ஐ.எஸ். தெரிவும்

தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று நெடுஞ்சாலையோர மதுக்கடைகளுக்கு விதித்த 500 மீட்டர் தடையை வரைபடத்தில் ஏற்றும்போது, மூட வேண்டிய கடைகளின் பட்டியல் ஆளுக்கொன்றாக வருகிறது. இதற்குத் தரவின் குறைகளையே காரணம் காட்டுவது ஒரு தரப்பு ஆய்வாளர்களின் வழக்கம். ஆணை சாலையின் வெளிவிளிம்பிலிருந்து அளக்கச் சொல்ல, கிடைக்கும் சாலை அடுக்கோ நடுக்கோடாக இருக்கிறது என்பார்கள். உண்மைதான். கியூஜிஐஎஸ் மென்பொருளில் குறித்த தொலைவுக்குட்பட்ட பரப்பை வரையும் ‘பஃபர்’ கருவிகூடத் தானாக விட்டால் கால்வட்டத்தை 5 துண்டுகளாகவே வரைகிறது. அதனால் சாலை முனையிலும் வளைவின் வெளிப்புறத்திலும் 500 மீட்டரில் சுமார் 6 மீட்டர் வரை குறையும். துண்டுகளைக் கூட்டினால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் தரவை எவ்வளவு திருத்தினாலும் இரண்டு பட்டியல்கள் எஞ்சும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிக்கல் 2017 மார்ச் 31 திருத்தத்தில் இருக்கிறது. 20,000 அல்லது அதற்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிகளின் பகுதிகளில் தடைத் தொலைவு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. அப்பகுதிக்குள் இருக்க வேண்டியது எது? கடையா, சாலையா?

சாலைமுதல் வாசிப்பு, நெடுஞ்சாலையை உள்ளாட்சி எல்லைகளில் வெட்டி, துண்டுக்குத் தக்கபடி 220 அல்லது 500 மீட்டர் பஃபர் போட்டு, அதற்குள் விழும் கடைகளைத் தேர்கிறது. கடைமுதல் வாசிப்பில் முதலில் சிறிய உள்ளாட்சிகளுக்குள் அமைந்த கடைகளைத் தெரிவு செய்கிறோம். அந்தத் தெரிவுக்குள் மட்டும் 220 மீட்டரையும், மற்றக் கடைகளுக்கு 500 மீட்டரையும் வைத்துச் சாலையோடு ஒப்பிடுகிறோம். சிறிய ஊராட்சியில் ஒரு கடை இருக்கிறது. அதிலிருந்து 300 மீட்டரில், பக்கத்துப் பெரிய ஊராட்சிக்குள் மட்டும் நெடுஞ்சாலை ஓடுகிறது என்று கொள்வோம். சாலைமுதல் வாசிப்பில் கடையை மூட வேண்டும். கடைமுதல் வாசிப்பில் அது தப்பும். கடையையும் சாலையையும் இடம் மாற்றி வைத்தால் முடிவும் தலைகீழாகும். கருவி ஒன்று, தரவு ஒன்று. எந்த அடுக்கை எதனோடு எந்த வரிசையில் ஒப்பிடுகிறோம் என்பது மட்டுமே வேறு.

ஆணையின் வாசகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடமுண்டு என்று ஒப்புக்கொள்ளலாம். எனினும் என் சாய்வு கடைமுதல் வாசிப்பின் பக்கமே. அது வெறும் சாய்வுமல்ல. மூல ஆணையின் மூன்று தடைகளுக்கும் எழுவாய் கடைதான்: நெடுஞ்சாலையிலிருந்து கடை தெரியக் கூடாது, நேரடி வழி கொண்டிருக்கக் கூடாது, தொலைவுக்குள் அமையக் கூடாது. 2017 ஜூலை 11 அன்று சண்டிகர் தொடர்பான வழக்கில் தந்த விளக்கம் இதை இன்னும் தெளிவாக்குகிறது. நகராட்சிப் பகுதிகளுக்குள் உள்ள உரிமம் பெற்ற நிறுவனங்களை ஆணை தடுக்கவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. விலக்குப் பெற்றது நிறுவனம், அவ்வழியே செல்லும் சாலைத் துண்டு அன்று. அதே தர்க்கத்தை 220 மீட்டருக்கு மட்டும் மறுப்பது பொருந்தாது.

நகராட்சிகளே விலகிய பிறகு இந்த விவாதம் எதற்கு என்பார்கள். அந்த 2017 விளக்கம் ஊராட்சிகளுக்கு விலக்குத் தரவில்லை, அது போதும். தொலைவை நடைவழியில் அளக்க வேண்டும் என்ற எதிர்ப்பையும் நீட்டிப் பேச வேண்டியதில்லை. நேரடி வழியை ஆணை தனித் தடையாகவே வைத்திருக்கும்போது தொலைவை மீண்டும் வழியாக வாசிப்பது மிகை. கேரளத்தின் வடக்குப் பரவூரில் ஒரு மதுக்கூடம் 2017இல் வாசலுக்கு முன் சுற்றுச்சுற்றாகச் சுவரெழுப்பித் தொலைவைக் கூட்டிக்கொண்டது. நடைவழி அளவை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்தச் சுவர்களே சாட்சி.

மிஞ்சுவது எல்லைக்கோட்டின் மீதே நிற்கும் கட்டடம். கடையைப் பலகோணமாக வரைந்தால் ‘உள்ளடங்கும்’ என்ற உறவு அதை எந்த உள்ளாட்சியிலும் சேர்க்காது. ‘வெட்டிக்கொள்ளும்’ என்ற உறவு இரண்டிலும் சேர்க்கும். நடுப்புள்ளியைக் கொண்டு முடிவு செய்வது மென்பொருளுக்கு எளிது, சட்டத்தில் அதற்கு ஆதாரமில்லை. உரிமத்தில் குறித்த புல எண் எந்த ஊராட்சிக் கணக்கில் வருகிறதோ, அங்கே கடையைச் சேர்ப்பதையே நான் பரிந்துரைப்பேன்.