செங்காந்தள் கிழங்கும் ஜானகி அம்மாளும்

மழை விழுந்துட்டா எங்க திமிரி பக்கம் வேலியோரமா சிவப்பும் மஞ்சளுமா ஒரு பூ கொடி ஏறி நிக்கும். செங்காந்தள், நம்ம மாநில மலர். கண்வலிக்கிழங்குன்னு சொன்னா இன்னும் நிறைய பேருக்குத் தெரியும். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

வேற ஏதோ கிழங்குன்னு நினைச்சு இதைத் தின்னுட்டு வர்றவங்க உண்டு. முதல் நாள் வாந்தி, பேதி. பார்த்தா சாதாரண வயித்துப்போக்கு மாதிரியே இருக்கும். அது நின்னதும் "சரியாப் போச்சு டாக்டர், வீட்டுக்கு அனுப்புங்க"ன்னு கேப்பாங்க. ஆபத்தே அப்புறம்தான். ரெண்டு மூணு நாள்ல ரத்த அணுக்கள் சரியும். தப்பிச்சவங்களுக்குப் பத்து, பதினஞ்சு நாள்ல முடி கொத்துக் கொத்தா கொட்டும்.

குடல், எலும்பு மஜ்ஜை, முடிவேர். மூணுக்கும் என்ன சம்பந்தம்? மூணுலயும் செல்கள் ஓயாம பிரிஞ்சுக்கிட்டே இருக்கும். கிழங்குல இருக்கிற கால்சிசின் கை வைக்கிறது அங்கதான். ஒரு செல் ரெண்டாகும்போது குரோமோசோம்களை ரெண்டு பக்கமும் இழுக்க நூல் மாதிரி நுண்குழல்கள் வேணும். கால்சிசின் அந்த நூலைக் கட்டவே விடாது. பிரிய வந்த செல் பாதியிலேயே நின்னுடும்.

மனுஷனைச் சாய்க்கிற இதே விஷம் ஒரு பெண் விஞ்ஞானி கையில கருவியாச்சு. அவங்க இ.கே. ஜானகி அம்மாள்.

1897-ல தலச்சேரியில பிறந்தவங்க. சென்னையில ராணி மேரி கல்லூரி, மாநிலக் கல்லூரின்னு படிச்சு, அமெரிக்காவுல மிச்சிகன் போய் 1931-ல டாக்டர் பட்டம் வாங்கினாங்க. 1934-ல கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம். கரும்பை நம்ம நாட்டுப் புல்லோட, சோளத்தோட, மக்காச்சோளத்தோட எல்லாம் கலந்து பார்த்து, பிறந்த கலப்போட குரோமோசோமை மைக்ராஸ்கோப்ல எண்ணுறதுதான் வேலை. கல்யாணம் பண்ணிக்காத பொம்பளை, அதுவும் அன்னைக்கு கீழ்ச்சாதின்னு ஒதுக்கப்பட்ட தீயர் சமூகம். அங்க அவங்களுக்கு நிம்மதி கிடைக்கல. லண்டன் போயிட்டாங்க. போன நேரம் உலகப்போர், ஊர் மேல குண்டு விழுந்துக்கிட்டு இருக்கு. அதுக்கு நடுவுல டார்லிங்டன்கூட சேர்ந்து, மனுஷன் பயிரிடுற செடிகளோட குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945-ல ஒரு பெரிய புத்தகமே போட்டாங்க.

கால்சிசின் கொடுத்தா செடியோட குரோமோசோம் இரட்டிப்பாகும்னு 1937-லேயே அமெரிக்காவுல பிளேக்ஸ்லீ காட்டியிருந்தார். கணக்கு எளிசு: குரோமோசோம் ரெண்டு மடங்காயிடுச்சு, ஆனா செல் பிரியல. அப்போ ரெண்டு பங்கும் ஒரே செல்லுக்குள்ள. ஜானகி அம்மாள் லண்டன் பக்கத்துல விஸ்லி தோட்டத்துல, விதையிலை விரிஞ்ச மக்னோலியா நாத்தோட குருத்துல இந்த மருந்தை விட்டாங்க. 38 குரோமோசோம் 76 ஆச்சு. இதழ் தடிச்ச அந்த மக்னோலியாவுக்கு இன்னைக்கும் அவங்க பேருதான்.

மனுஷனுக்கும் இதே கதைதான். ரொம்ப நாளா நமக்கு 48 குரோமோசோம்னு நம்பிட்டு இருந்தாங்க. 1956-ல டிஜியோவும் லெவானும் கால்சிசின் விட்டு, பிரிய வந்த செல்களை அப்படியே நிறுத்தி எண்ணினப்போதான் 46-ன்னு உறுதியாச்சு. கவுட் மூட்டு வலிக்கு இன்னைக்கும் மாத்திரையா எழுதுறோம், ரொம்பச் சின்ன அளவுல.

நேரு அழைச்சு 1951-ல அம்மா திரும்பி வந்தாங்க. எண்பது வயசுல அமைதிப் பள்ளத்தாக்கு அணைக்கு எதிரா நின்னாங்க. 1984 பிப்ரவரியில மதுரவாயல் ஆராய்ச்சிக்கூடத்துலேயே காலமானாங்க. அந்தக் காட்டை தேசியப் பூங்கான்னு அறிவிச்சது அதே வருஷம் நவம்பர்ல.

இப்போ நம்ம வேலிக்கு வருவோம். யாராவது இந்தக் கிழங்கைத் தின்னுட்டா வாந்தி வரட்டும்னு காத்திருக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. மிச்சக் கிழங்கோ, கொடியில ஒரு துண்டோ பையில போட்டு எடுத்துட்டு வாங்க. இதுக்கு முறிமருந்து எங்க கையில இல்ல. மஜ்ஜை தேறி வர்ற வரைக்கும் ஆளைத் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும். வாந்தி நின்னாலும் டிஸ்சார்ஜ் கேக்காதீங்க. கொட்டின முடி திரும்ப முளைக்கும்.