ஒரு காணி, இரண்டு வீடு, ஒரு படலை: ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் குடியிருந்த கதை



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் மாணவி ஒருத்தியின் அப்பா மடிகணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். லண்டனில் இருக்கும் தமையன் பாவித்துவிட்டு அனுப்பியது. "சேர், விண்டோஸ் 10 முடிஞ்சுதாம், இதுக்கு 11 ஏறாதாம். கடையிலை கேட்டனான், புதுசு வாங்கச் சொல்லுறாங்கள். பிள்ளை ஓ.எல். எடுக்கிற வருசம். என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமில்லை. வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய பழைய கணினி காரைநகரில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. 2015 இல் வந்த விண்டோஸ் 10 க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்தியது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பாவனையாளருக்கு அதற்குப் பிறகு ஒரு வருடம் நீட்டிக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 11 க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய புரொசெசரும் வேண்டும். 2017 க்கு முந்திய பெரும்பாலான இன்டெல் கணினிகள் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. பொருள் பழுதில்லை, ஆனால் கழித்துவிடச் சொல்கிறார்கள்.

நான் அவருக்குச் சொன்ன வழி, அதே கணினியில் விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸையும் போடுவது. கணினியைத் தொடங்கும்போது எது வேண்டும் என்று கேட்கும், தெரிவு செய்யலாம். இதை டுவல் பூட் என்பார்கள். "ஒண்டுக்குள்ளை ரெண்டு எப்பிடி சேர் இருக்கும்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன விளக்கத்தையும், அதற்குப் பின்னால் இருக்கும் நாற்பது வருடக் கதையையும் இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. பத்துப் பரப்புக் காணி ஒன்று இருக்கிறது, இரண்டு பிள்ளைகளுக்குப் பிரிக்கிறோம். உறுதியில் எல்லையை எழுதுகிறோம், கல் போடுகிறோம், வேலி அடைக்கிறோம். வீதிக்கு வாசல் ஒன்றுதான், ஆகவே படலை பொது. கணினியின் வன்தட்டுத்தான் காணி. அதைப் பிரித்த பகுதிகளுக்குப் பெயர் பார்ட்டிஷன், நாங்கள் கோர்ட்டில் காணி வழக்குக்குச் சொல்லும் அதே சொல். எந்தப் பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்புத்தான் உறுதி. கணினி முழிக்கும்போது முதலில் ஓடும் சின்ன நிரல்தான் படலை.

இந்த உறுதி முதலில் எழுதப்பட்டது 1983 மார்ச்சில். ஐ.பி.எம். நிறுவனம் எக்ஸ்.ரி. என்ற கணினியை வெளியிட்டது. அதில் இருந்த வன்தட்டு 10 மெகாபைட். இன்றைக்குக் கைப்பேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படத்துக்கே அந்த இடம் போதாது. ஆனாலும் அதை நாலு பங்காகப் பிரிக்கலாம் என்று டொஸ் 2.0 இலேயே வழி வைத்திருந்தார்கள். டொஸ் தவிர வேறு முறைமைகளும் அப்போது சந்தையில் இருந்தன. ஒருவன் இரண்டை வைத்திருக்க விரும்பினால் இடம் விடவேண்டும் என்பதே நோக்கம். தட்டின் முதல் 512 பைட்டில் 446 பைட் படலைக்கு, 64 பைட் நாலு பங்கின் உறுதிக்கு, மிச்சம் 2 பைட் முத்திரைக்கு. அன்றைக்கு ஒரு பங்கைத்தான் "உயிருள்ளது" என்று குறிக்கலாம். மற்றதற்குப் போக வேண்டுமானால் குறியை மாற்றிவிட்டுக் கணினியை நிறுத்தித் திருப்பப் போடவேண்டும். அந்த 1983 எங்கள் சனத்துக்கு வேறு காரணத்தால் மறக்கமுடியாத ஆண்டு. கணினியைப் பற்றி யோசிக்கும் நிலையில் இங்கே ஒருவரும் இருக்கவில்லை.

அடுத்த திருப்பம் 1991. பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பல்கலைக்கழக மாணவன் புதிதாக வாங்கிய 386 கணினியில் மினிக்ஸ் என்ற முறைமையைப் போட்டு, அதில் இருந்துகொண்டே சொந்தமாக ஒன்றை எழுதத் தொடங்கினான். அதுதான் லினக்ஸ். அதாவது லினக்ஸ் பிறந்ததே இன்னொரு முறைமையோடு ஒரே வன்தட்டைப் பங்குபோட்ட கணினியில்தான். ஒருநாள் மோடத்துக்குப் போகவேண்டிய கட்டளையை அவன் தவறுதலாக வன்தட்டுக்கு அனுப்ப, மினிக்ஸ் இருந்த பங்கு அழிந்துபோனது. திரும்ப மினிக்ஸ் போடுவதா, தன்னுடையதையே நம்புவதா என்று யோசித்து, தன்னுடையதை நம்பினான். பிழை விடாமல் இந்த வேலையைப் பழகியவர் எவரும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1992 இல் வெர்னர் அல்மெஸ்பெர்கர் என்பவர் லைலோ என்ற படலையை எழுதினார். கணினி முழிக்கும்போதே எது வேண்டும் என்று கேட்டது அது. ஆனால் லினக்ஸின் கருவை மாற்றும் ஒவ்வொரு தடவையும் லைலோவுக்கும் திருப்பச் சொல்லவேண்டும். மறந்தால் கணினி எழும்பாது. 1995 இல் எரிக் போலெய்ன் தொடங்கிய கிரப் அந்தக் குறையைத் தீர்த்தது. அது கோப்பு இருக்கும் இடத்தைத் தானே வாசித்துக் கண்டுபிடிக்கும். இன்றைக்கும் லினக்ஸ் போட்டால் பெரும்பாலும் நீங்கள் முதலில் காணும் தெரிவுப் பட்டியல் கிரப்தான்.

அதே வருடங்களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. ரோர்ச் பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள் இன்றைக்கு இந்தப் பதிவை வாசிக்கும் பெற்றோர். நாங்கள் பிந்தி வந்தோம் என்பது எங்கள் குற்றமில்லை. ஆனால் பிந்தி வந்தவர்கள் முன்னால் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது.

காணிப் பிரச்சினையில் பெரிய சண்டை எல்லைக்கல்லில் இல்லை, படலையில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். கணினியிலும் அப்படித்தான். பழைய முறைக் கணினியில் விண்டோஸைத் திருப்பப் போட்டால், அது பக்கத்து வீட்டைக் கேட்காமலே படலையைக் கழற்றித் தன்னுடையதைப் போட்டுவிடும். லினக்ஸ் உள்ளே பத்திரமாக இருக்கும், ஆனால் போக வழியில்லை. "லினக்ஸ் அழிஞ்சுபோச்சு" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

1990 களின் கடைசியில் இது வியாபாரச் சண்டையாகவே வந்தது. அப்பிளில் இருந்து விலகிய ஜான் லூயி காஸே நடத்திய பி என்ற நிறுவனம் பி.ஓ.எஸ். என்ற முறைமையை வைத்திருந்தது. விண்டோஸுக்குப் பக்கத்தில் அதையும் போட்டு, தொடங்கும்போது தெரிவு காட்டும் கணினித் தயாரிப்பாளருக்கு இலவசமாகவே தருகிறோம் என்றார்கள். ஜப்பானின் ஹிட்டாச்சி முன்வந்தது. ஆனால் கணினி கடைக்கு வந்தபோது தெரிவுப் பட்டியல் இல்லை. பி.ஓ.எஸ். உள்ளே இருந்தது, அதைத் தேடித் திறக்கும் வழி தெரிந்தவருக்கு மட்டும். மைக்ரோசொப்ட்டின் உரிம நிபந்தனைதான் காரணம் என்று பி நிறுவனம் 2002 இல் வழக்குப் போட்டது. 2003 இல், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம் டொலர் கொடுத்து மைக்ரோசொப்ட் சமரசத்துக்கு வந்தது. அதற்கு முன்பே பி நிறுவனம் விற்றுப்போயிருந்தது. வீடு இருந்தும் வாசல் தெரியாவிட்டால் அந்த வீட்டுக்கு ஒருவரும் போகமாட்டார்.

இனி எங்களுக்குக் கிட்டிய கதை. 2011 செப்டெம்பர் 15 இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு இலவச மடிகணினி கொடுக்கத் தொடங்கியது. முதல் ஆண்டுக்கே 9 லட்சத்து 12 ஆயிரம் என்பது திட்டம். அந்தக் கணினிகளில் இரண்டு முறைமை இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், மற்றது இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸின் குறைந்த பதிப்பு, திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்றமுடியாது. பாஸில் அப்படி ஒரு கட்டும் இல்லை, இந்திய மொழிகளுக்கென்றே செய்தது. தமிழ் பேசும் பிள்ளைகளின் கையில் இத்தனை பெரிய எண்ணிக்கையில் டுவல் பூட் கணினி போன வேறொரு சம்பவம் எனக்குத் தெரியாது.

ஆனால் கொடுத்தால் மட்டும் போதுமா? பாடம் எதில் நடக்கிறதோ பிள்ளை அதைத்தான் திறக்கும். பக்கத்து மாநிலமான கேரளாவைப் பாருங்கள். அங்கே 2001 இல் தொடங்கிய ஐ.ரி. அட் ஸ்கூல் திட்டம் சில வருடங்களில் முழுமையாக லினக்ஸுக்கு மாறியது. பாடப்புத்தகம், ஆசிரியர் பயிற்சி, பத்தாம் வகுப்புச் செய்முறைப் பரீட்சை எல்லாம் அதில் நடந்தன. அங்கே அது இரண்டாவது வாசலாக இல்லாமல் எல்லாரும் நடந்த பாதையானது. பழகியதற்குக் காரணம் கணினி இல்லை, ஆசிரியர்தான்.

இப்போதைய நிலைமை என்ன? 2012 இல் விண்டோஸ் 8 வந்த பிறகு புதிய கணினிகளில் பழைய 512 பைட் படலை போய் யு.ஈ.எஃப்.ஐ. வந்தது. இதில் ஒவ்வொரு முறைமைக்கும் தனித்தனிப் பெயர்ப்பலகை உண்டு, ஒன்று மற்றதைக் கழற்றத் தேவையில்லை. நல்லது. ஆனால் செக்கியூர் பூட் என்ற பூட்டும் கூடவே வந்தது. முத்திரை குத்திய நிரலைத்தான் அது உள்ளே விடும், அந்த முத்திரை பெரும்பாலும் மைக்ரோசொப்ட்டின் கையில். லினக்ஸ்காரரும் அவர்களிடமே முத்திரை வாங்கித்தான் வருகிறார்கள். வைரஸைத் தடுக்க இது உதவுகிறது என்பதும் உண்மை. ஆனால் 2024 ஓகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் திருத்தம் டுவல் பூட் கணினிகள் பலவற்றில் லினக்ஸை எழும்பவிடாமல் செய்தது. முழுத் தீர்வு வந்தது 2025 மே மாதத்தில். பூட்டு நல்லதுதான், சாவி யாரிடம் என்று கேட்கவும் வேண்டும்.

ஒரு சின்ன விசயம், இங்கே உள்ளவர்களுக்குச் சிரிப்பு வரும். கணினிக்குள் இருக்கும் மணிக்கூட்டை விண்டோஸ் உள்ளூர் நேரமாக வாசிக்கும், லினக்ஸ் கிரீனிச் நேரமாக வாசிக்கும். லினக்ஸில் வேலை செய்துவிட்டு, இணையம் இல்லாமல் விண்டோஸுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்தி நிற்கும். ஒருநாள் ளுஹர் தொழுகை நேரத்தில் என் கணினி காலை ஆறு நாற்பது என்றது. 1996 இல் அரசு மணிக்கூட்டை முன்னால் தள்ளியபோது, 2006 இல் திருப்பும்வரை புலிகளின் பகுதியில் பழைய நேரமும் கொழும்பில் புதிய நேரமும் ஓடியதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதே சங்கடம்தான். லினக்ஸிடம் உள்ளூர் நேரத்தை வாசிக்கச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்துவிடும்.

இனி என் சொந்தப் பிழை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணித்தியாலங்களுக்குள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு இரண்டு வயது. உம்மா என் உடுப்புக்குள் மடித்து வைத்து ஐந்து புகைப்படங்களைப் புத்தளத்துக்குக் கொண்டுவந்தார். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் அவற்றை ஸ்கான் செய்து என் பழைய மடிகணினியில் வைத்திருந்தேன். லினக்ஸ் போடும் ஆசையில் ஓர் இரவு, "பக்கத்தில் நிறுவு" என்பதற்குப் பதிலாக "முழுத் தட்டையும் அழித்து நிறுவு" என்பதை அழுத்திவிட்டேன். திருப்ப ஸ்கான் செய்யலாம் என்று வீட்டுக்குப் போனால், ஐந்தில் ஒன்று ஈரத்தில் ஒட்டி அழிந்திருந்தது. வாப்பாவின் வாப்பா தன் கடை வாசலில் நிற்கும் படம். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் எவருடைய கணினியைத் தொடும்போதும் முதலில் நான் கேட்பது, "இதுக்குள்ளை என்ன இருக்கு, வேறை எங்கை பிரதி இருக்கு?" என்பதுதான்.

ஆகவே செய்யப் போகிறவர்களுக்கு:

முதலில் படம், ஆவணம் எல்லாவற்றையும் வெளியே இன்னொரு தட்டில் பிரதி எடுங்கள்.

விண்டோஸில் பிட்லொக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியைக் கடதாசியில் எழுதி வையுங்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்பதை நிறுத்துங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக உறங்காது, அதன் பங்கை லினக்ஸ் தொடுவது ஆபத்து.

விண்டோஸ் பங்கை விண்டோஸுக்குள் இருந்தே சுருக்கி இடம் விடுங்கள்.

பென் ட்ரைவில் இருந்து லினக்ஸை நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சத்தம், பிரின்ரர் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே நிறுவுங்கள்.

விண்டோஸை முழுதாகத் தூக்கவேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். பாமினியில் அடித்த பழைய வினாத்தாள்கள், சில பிரின்ரர்கள், சில அலுவலக மென்பொருட்கள் இன்னும் அங்கேதான் ஒழுங்காக ஓடும். அவற்றுக்கு இணையத்தைத் துண்டித்துவிட்டு விண்டோஸைத் திறவுங்கள். இணையம், படிப்பு, வங்கி வேலைகளுக்கு லினக்ஸைத் திறவுங்கள்.

அந்த மாணவியின் கணினி இப்போது இரண்டு முறைமையோடும் ஓடுகிறது. நிறுவியது நானில்லை. நான் பக்கத்தில் நின்றேன், அவளே செய்தாள். தகப்பன் ஒன்றரை லட்சம் கடன்படாமல் தப்பினார். அதைவிட எனக்குச் சந்தோசம், அடுத்த நாள் அவள் இரண்டு சிநேகிதிகளைக் கூட்டிக்கொண்டு வந்து "இவையளுக்கும் காட்டட்டோ சேர்?" என்று கேட்டது.

பழைய கணினி வீட்டில் கிடந்தால் எறியாதீர்கள். சனிக்கிழமை பின்னேரம் பாடசாலைக்குப் பிள்ளையையும் அனுப்பிக் கொடுத்துவிடுங்கள். கணினியை மட்டும் தந்துவிட்டுப் போனால் நான் தொடமாட்டேன்.