மாமா என்றழைக்கப்பட்ட துறவிகள்
(போஸ்னிய மலையூர் ஃபோய்னிட்சாவின் வரலாறு)

விழாக் காலத்தில் நம் முன்னோரை நினைவுகூருவது நமது மரபு. அவ்வேளையில், விசுவாசத்தைக் காக்கத் தொலைதேசத்தில் பாடுபட்ட ஒரு சிற்றூர் மக்களையும் நினைத்துப் பார்ப்போம்.

ஐரோப்பாவின் தென்கிழக்கே உள்ள பால்கன் நாடுகளுள் ஒன்று போஸ்னியா. அதன் தலைநகர் சரயேவோவுக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், விரானிட்சா மலையடிவாரத்தில் ஃபோய்னிட்சா அமைந்துள்ளது. அம்மலையின் சிகரம் 2,100 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. மலை நீரைச் சுமந்துவரும் ஆறு ஊரைக் கடந்து போஸ்னா நதியில் கலக்கிறது. நோய் தீர்க்க மக்கள் நாடிவரும் வெந்நீர் ஊற்றுகளும் இங்குண்டு.

இம்மலைகளின் வயிற்றில் வெள்ளியும் இரும்பும் இருந்தன. ஆகவே நடுக்காலத்தில் ஜெர்மானியச் சாக்சன் சுரங்கத் தொழிலாளரும், கடற்கரை நகராகிய துப்ரோவ்னிக் வணிகரும் இங்கு வந்து குடியேறினர். அவர்களிடையே பிரான்சிஸ்கன் சபைத் துறவியர் மறைப்பணி ஆற்றினர்.

1463-ஆம் ஆண்டு துருக்கிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் போஸ்னியாவைக் கைப்பற்றினார். கடைசி மன்னர் கொல்லப்பட்டார். மக்கள் அஞ்சி ஓடத் தொடங்கினர். அப்போது அஞ்சேயோ ஸ்விஸ்தோவிச் என்ற துறவி, மிலோத்ராஷ் என்னுமிடத்தில் பாசறை இறங்கியிருந்த சுல்தானைத் துணிவுடன் சந்தித்தார். துறவியரையும் அவர்தம் கோயில்களையும் எவரும் துன்புறுத்தலாகாது, ஓடிப்போனோர் அச்சமின்றித் திரும்பலாம் என்று சுல்தான் வாக்குப் பத்திரம் அளித்தார். ‘அஹத்நாமா’ எனப்படும் அப்பத்திரம் ஃபோய்னிட்சா துறவியர் இல்லத்தில் காக்கப்படுகிறது. அது மூலப்பத்திரமா, பிற்காலப் படியா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு.

பத்திரம் இருந்தும் பாடுகள் நீங்கவில்லை. கோயிலைப் பழுதுபார்க்கவும் அரசின் அனுமதி வேண்டியிருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதிப் போர்களுக்குப் பின், போஸ்னியாவில் ஃபோய்னிட்சா, கிரேஷெவோ, சுத்யெஸ்கா ஆகிய மூன்று இல்லங்களே எஞ்சின. துறவியர் அங்கியைக் களைந்து, மீசை வைத்து, குடியானவர் உடையில் வீடு வீடாகச் சென்று திருவருட்சாதனங்களை வழங்கினர். அவர்களை அடையாளம் காட்டாதிருக்க, மக்கள் ‘உயாக்’, அதாவது தாய்மாமன், என்றழைத்தனர். ஆபத்துக்காலத்தில் தோன்றிய அந்த உறவுப்பெயர் இன்றும் வழக்கில் உள்ளது. தாய்மாமன் உறவின் அருமையை நாம் சொல்லியா தெரிய வேண்டும்! இத்துறவியர் மூலிகை வைத்தியமும் கற்று, முஸ்லிம் அண்டை வீட்டாருக்கும் மருந்து கொடுத்தனர்.

இருபதாம் நூற்றாண்டிலும் ஒரு பெருஞ்சோதனை வந்தது. அண்டை அயலாராய் வாழ்ந்த குரோவாசியரும் முஸ்லிம்களும் பகைத்துப் போரிட்டபோது, கத்தோலிக்கர் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். துறவியரோ இல்லத்தை விட்டகலவில்லை. 1993 நவம்பர் 13-ஆம் நாள், இல்லத் தலைவரும் மற்றொரு துறவியும் இல்லத்துக்குள்ளேயே படைவீரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுல்தானின் வாக்குப் பத்திரம் இருந்த அதே இல்லத்தில்தான் அவர்களது இரத்தம் சிந்தியது.

பத்திரம் எத்துணை உயர்ந்ததாயினும், அதைக் கைக்கொண்டு நடக்கும் மனிதர் இல்லையேல் அது வெறும் தோலேடே என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது. அத்துயரத்துக்குப் பின்னும் துறவியர் அங்கேயே தங்கினர். மன்னரும் சுல்தானும் மறைந்தனர். ஊருக்கு மேலே குன்றின்மீது தூய ஆவியார் இல்லம் நிற்கிறது. மக்களை விட்டு ஓடாத மேய்ப்பரும், மேய்ப்பரைக் காட்டிக்கொடுக்காத மக்களும் சேர்ந்து காத்த விசுவாசம் அது. நம் பங்கிலும் அத்தகைய உறவு தழைக்க இறைவனை மன்றாடுவோமாக!